கண்மாய்க் கணக்கை ஊர் கேட்கும்படி சொல்வது எப்படி?

நீங்கள் கேட்டது இது: மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நண்பர்கள் சேர்ந்து 3 ஆண்டுகளாகக் கண்மாயின் நீர்மட்டம், மழை, பறவைகள் ஆகியவற்றைக் குறித்துவருகிறீர்கள். கிராம சபையில் 40 படங்களைப் போட்டு விளக்கினீர்கள். பத்து நிமிடத்தில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: "சீமைக்கருவேலத்தை எப்ப வெட்டப் போறீங்க?" சுற்றுச்சூழல் அறிவியலை எளிய தமிழில் சொல்ல என்ன வழி என்று முடித்திருக்கிறீர்கள். உங்கள் கேள்வியே நல்ல எளிய தமிழில்தான் இருக்கிறது. அதனால் சிக்கல் தமிழில் இல்லை. நீங்கள் சொன்ன எண்கள் கேட்டவர்கள் முடிவெடுக்கும் எந்த இடத்திலும் போய் ஒட்டவில்லை என்பது ஒன்று. அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே குரலில் சொன்னீர்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் அளவு. "கண்மாயில் 3 மில்லியன் கன அடி நீர் இருக்கிறது" என்றால் அது பொறியாளருக்குச் செய்தி. ஆயக்கட்டில் (கண்மாய் நீர் பாயும் நிலப்பரப்பில்) நிலம் வைத்திருப்பவர் கணக்குப் போடுவது தண்ணியில்: இன்னும் எத்தனை தண்ணி பாயும், கதிர் வாங்கும் வரை தாங்குமா? அப்படியே மாற்றிக் கொடுங்கள். ஒரு ஏக்கரில் 2 அங்குலம் நீர் நிறுத்தினால் அது ஒரு தண்ணி என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 7,260 கன அடி வேண்டும். ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 137 ஏக்கருக்கு ஒரு தண்ணி. 3 மில்லியனுக்கு 410 ஏக்கர். மண் வாய்க்காலில் கால்வாசிக்கு மேல் ஊறிப்போவது சாதாரணம். அதைக் கழித்தால் 300. ஆயக்கட்டு 100 ஏக்கர் என்றால் 3 தண்ணி. இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அதற்கு மேல் கூட்டமே பேசிக்கொள்ளும், ஏனென்றால் நட்டு எத்தனை நாள் ஆயிற்று, இன்னும் எத்தனை தண்ணி தேவை என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். 2 அங்குலம் என்பது நீங்கள் வைத்த அளவு, கால்வாசி இழப்பு என்பது மதிப்பீடு. இவ்விரண்டையும் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். "எங்க வாய்க்கால்ல பாதி போயிரும்" என்று ஒருவர் திருத்தினால் அது உங்கள் கணக்குக்கு லாபம்.

ஆவியாதலும் இப்படித்தான். வெயில் காலத்தில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் போகிறது என்றால் "அவ்வளவுதானா" என்று தோன்றும். 100 ஏக்கர் நீர்ப்பரப்பில் அந்த 6 மில்லிமீட்டர் 24 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 200 நடை. 12 ஏக்கருக்கு ஒரு தண்ணி, தினமும். வண்டல் மேவிய கண்மாயில் அதே அளவு நீர் ஆழமில்லாமல் பரந்து கிடப்பதால் ஆவியாவதும் கூடுதல். தூர்வாருவதற்கு இதைவிட வலுவான வாதம் கிடையாது. 2017 ஏப்ரலில் வைகை அணையில் ஆவியாதலைத் தடுக்கத் தெர்மாகோல் அட்டைகளை மிதக்கவிட்டதும், காற்று அவற்றைக் கரையில் கொண்டுவந்து ஒதுக்கியதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சிரிப்பில் அணையிலிருந்து தினமும் எவ்வளவு நீர் ஆவியாகிறது என்ற கணக்கு அடிபட்டுப் போனது. இன்றைக்கும் மதுரைப் பக்கம் ஆவியாதல் என்று பேச்செடுத்தால் யாராவது தெர்மாகோல் என்பார்கள். கோபித்துக்கொள்ளாமல் அங்கிருந்தே தொடங்குங்கள். கேட்பவர் முகம் ஏற்கெனவே உங்கள் பக்கம் திரும்பியிருக்கும்.

தூர்வாருவது பற்றி ஒரு எச்சரிக்கை. மடையின் (நீர் திறந்துவிடும் மதகின்) அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் நீர் வாய்க்காலுக்கு ஏறாது. ஆடுமாடு குடிக்கலாம், மீன் பிழைக்கும், பக்கத்துக் கிணறு ஊறும். வயலுக்கு மட்டும் பாயாது. ஆகவே 'தூர்வாரினால் பாசனம் பெருகும்' என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். மடைமட்டத்துக்கு மேலே மேவியிருக்கும் வண்டலை எடுத்தால்தான் பாசனத்துக்கு நீர் கூடும். கரம்பை (கண்மாய் வண்டல்) எடுத்து வயலில் போடும் பழக்கம் உள்ள ஊர்களில் இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் கரம்பை மேலாகத்தான் கிடைக்கும். ஆழத்தில் இயந்திரம் வைத்துத் தோண்டி எடுப்பது வேறு மண், வேறு வியாபாரம்.

நீர்மட்டத்தை நீங்கள் மீட்டரில் எழுதிக் கணினியில் வைத்திருக்கிறீர்கள். அதைக் கண்மாயிலேயே எழுதிவிடுங்கள். மடைத் தூணிலோ உபரி நீர் வழியும் கலுங்குச் சுவரிலோ அடிக்கு அடி கோடு போட்டு எண் எழுதினால் மாடு மேய்ப்பவர்கூட வாசித்துச் சொல்வார். இதில் எல்லோரும் செய்யும் தவறு, கரையின் உட்பக்கக் கல்பதிப்பில் கோடு போடுவது. அது சரிவு. இரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு அடி நீர் ஏறினால் கல்லின் மேல் அது 2 அடி 3 அங்குலம் தெரியும். எண்கள் இரு மடங்குக்கு மேல் ஊதிவிடும். செங்குத்தாக நிற்கும் சுவரில் மட்டுமே கோடு. பூஜ்யத்தை மடையின் அடிமட்டத்தில் வையுங்கள், கண்மாயின் தரையில் வைக்க வேண்டாம். அப்போதுதான் 2 என்றால் பாய்கிற நீர் 2 அடி என்று பொருள்படும். ஒப்பிடும்போது வரைபடம் வேண்டாம். "போன ஐப்பசி 15இல் 6 அடி, இந்த ஐப்பசி 15இல் 4 அடி" என்று பலகையில் எழுதினால் போதும்.

உங்கள் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. மேலூர் வட்டாரத்தில் பல கண்மாய்கள் பெரியாறு அணை நீரில் ஆண்டுக்கு ஒரு சாகுபடி நடக்கும் ஒருபோகப் பாசனத்தைச் சேர்ந்தவை. மட்டம் உயர்ந்தது மழையாலா, கால்வாயில் நீர் திறந்ததாலா என்று பிரிக்காமல் 3 ஆண்டு எண்களை அடுக்கினால் அதில் வானம் தந்தது எது, கால்வாய் தந்தது எது என்று யாராலும் சொல்ல முடியாது. கால்வாய் திறந்த தேதி, அடைத்த தேதி, மேல்கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்த தேதி மூன்றும் உங்கள் நோட்டில் இல்லையென்றால், மடை பாய்ச்சுகிறவரிடம் உட்கார்ந்து இப்போதே எழுதி வாங்குங்கள். அவருக்கு நாள் நினைவிருக்காது, எந்த விசேஷத்தை ஒட்டி என்பது நினைவிருக்கும். அதை வைத்துத் தேதியைப் பிடித்துவிடலாம்.

மழைக்கு வருவோம். மதுரையின் ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 850 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில். ஆனால் சராசரியால் எவரும் உழுவதில்லை. ஒரு உழவு மழை பெய்ததா என்பதே கேள்வி. செவலுக்கு (செம்மண்ணுக்கு) உழவு மழையாக இருப்பது திருமங்கலம், பேரையூர்க் கரிசலுக்கு உழவு மழையாக இருக்காது. உங்கள் ஊரில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தபோது ஏர் (இப்போது டிராக்டர்) இறங்கியது என்று இரண்டு பருவம் குறித்துவைத்தால், பிறகு மில்லிமீட்டரையே பேச வேண்டியதில்லை. மழைமானி வாங்கக் காசில்லை என்றால் வரிப்பள்ளம் இல்லாத 2 லிட்டர் பாட்டில் போதும். நேராக இறங்கும் பகுதி தொடங்கும் இடத்தில் வெட்டி, மேல்துண்டைக் கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் அதில் சரளைக் கல் போட்டு, நேர்ப்பகுதி வரை நீர் ஊற்றி அங்கே பூஜ்யக் கோடு போடுங்கள். அதற்கு மேல் ஏறும் உயரத்தைப் பள்ளிக்கூட ஸ்கேலால் அளந்தால் அதுவே மில்லிமீட்டர். வாளியும் டம்ளரும் வாய் அகன்று அடி குறுகியவை. அவற்றில் அளந்தால் கூடுதலாகக் காட்டும். சுவரோ மரமோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். காலை 8.30க்கு வாசித்தால் வானிலைத் துறையின் எண்ணோடு ஒப்பிடலாம். பூஜ்யக் கோட்டு நீர் வெயிலில் இறங்கும், தினமும் சரிசெய்ய வேண்டும்; மாணவர்கள் மறப்பது இதைத்தான்.

"ரேடியோவில் மழை என்றான், ஒரு சொட்டு இல்லை" என்ற புகாருக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். வானிலை அறிக்கையில் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு இருக்கிறது. கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர், மிக கனமழை 204.4 வரை, அதற்கு மேல் அதி கனமழை. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்குக்குள். அப்படியென்றால் நான்கில் மூன்று ஊருக்கு அந்தக் கனமழை வராது என்பதும் அதே அறிக்கையில் அடக்கம். இதை ஒருமுறை விளக்கினால் அறிக்கையின் மேல் உள்ள கேலி பாதியாகக் குறையும்.

காலநிலை மாற்றத்தில்தான் நீங்கள் அதிகம் சறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 3 ஆண்டு மழைக்கணக்கை வைத்துக் காலநிலை மாறிவிட்டது என்று சொல்ல முடியாது. அதற்கு 30 ஆண்டு வேண்டும் என்பதே வழக்கமான அளவுகோல். உங்கள் எண்களால் நீங்கள் சொல்லக்கூடியது, இந்த மூன்று பருவமும் எப்படி இருந்தன என்பது மட்டுமே. உலக அளவில் உறுதியானது வேறு: 2011–2020இல் பூமியின் சராசரி வெப்பம் 1850–1900ஐவிட ஏறத்தாழ 1.1 டிகிரி கூடியிருந்தது. காரணம் மனிதச் செயல்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும். அதனால் கொட்டும்போது கூடுதலாகக் கொட்ட வாய்ப்பு உண்டு. இது இயற்பியல், இதில் தயங்க வேண்டாம். ஆனால் "2024 அக்டோபரில் செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததே, அது காலநிலை மாற்றம்தானே?" என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று ஒரே சொல்லில் தலையாட்டாதீர்கள். குறுகிய நேரத்தில் பெய்த பெருமழை ஒரு பங்கு. செல்லூர்க் கண்மாயின் உபரி பந்தல்குடி வாய்க்கால் வழியாக வைகைக்குப் போக வேண்டும். அந்த வழி எவ்வளவு அகலமாக, எவ்வளவு சுத்தமாக இருந்தது என்பது மறு பங்கு. முதலாவதில் மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்பதற்குத் தனி ஆய்வு வேண்டும். இரண்டாவதைக் கண்ணால் பார்க்கலாம். எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட்டால் வாய்க்காலை அடைத்தவர்தான் முதலில் கைதட்டுவார். வெப்பத்தைச் சொல்லும்போது '1.1 டிகிரி' என்று தொடங்காதீர்கள். மதுரை வெயிலில் நிற்பவருக்கு அது ஒன்றுமே இல்லை. 40 டிகிரியைத் தாண்டிய நாள்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். நாள் கணக்கு எல்லோருக்கும் புரியும்.

பறவைகளுக்கு முன்னால் மீனைப் பேசச் சொல்வேன். மதுரையில் பல்லுயிர் என்ற சொல்லுக்கு முகம் சுளிப்பவரும் அயிரை என்றால் நிமிர்வார். மணலும் சேறும் கலந்த ஆழமில்லாத தரையில் வாழும் மீன் அது. உங்கள் பக்கத்து மீன்பிடித் திருவிழாவில் அயிரை, குரவை, விரால் எவ்வளவு வந்தது, வெளியிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டை எவ்வளவு வந்தது என்று கூடைக்குள் பார்த்துக் கேட்டுக் குறியுங்கள். அன்று கண்மாய்க்குள் இறங்கும் ஊர் மொத்தமும் உங்கள் அவை. கண்மாயை ஒரே ஆழத்துக்குத் தோண்டிவிட்டால் அயிரைக்கும் இடமில்லை, ஆழமில்லாத விளிம்பில் நடந்து இரை தேடும் பவளக்கால் உள்ளானுக்கும் இடமில்லை என்பதை அங்கே ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

பறவைக் கணக்கில், ஒரே இடம், ஒரே மாதம், ஒரே நேரம், ஒரே அளவு நேரம் பார்த்தவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். முதல் ஆண்டு 20 நிமிடமும் மூன்றாம் ஆண்டு 2 மணி நேரமும் பார்த்துவிட்டுப் பறவை கூடிவிட்டது என்றால் கூடியது உங்கள் பொறுமை. கண்மாய் வறண்ட ஆண்டில் எண்ணிக்கை விழுந்தால் பறவை அழிந்துவிட்டது என்று பொருளில்லை. நீருள்ள அடுத்த கண்மாய்க்குப் போயிருக்கும். பெயர்களை முதலில் ஊரில் கேட்டு எழுதுங்கள், புத்தகப் பெயர் பிறகு. வல்லூறு, தேவாங்கு, அழுங்கு போன்றவற்றின் கூடும் பொந்தும் எங்கே என்று படத்தோடு பொதுவில் போடாதீர்கள். ஆர்வலருக்கு முன்னால் பிடிப்பவர் வந்துவிடுவார்.

எண்ணைத் தூக்கிப் போடும் முன் அதன் எல்லையைப் பாருங்கள். உங்கள் பக்கத்து அரிட்டாபட்டியே நல்ல பாடம். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதோடு 250 பறவை இனங்கள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்ற எண்களும் பரவின. 193 ஹெக்டேர் என்றால் 477 ஏக்கர். "ஒரு கண்மாயே நூறு ஏக்கர் இருக்கு, 477 ஏக்கருக்குள்ள 72 ஏரியா?" என்று ஒரு பெரியவர் கேட்டால் பேச்சு அங்கேயே படுத்துவிடும். அந்த ஏழு குன்றுகளின் தொடர் நீர்ப்பிடிப்பாக இருந்து ஊட்டுகிற ஏரிகளும் சுனைகளும் என்று சொன்னால் எண் நிற்கும், குன்றின் மதிப்பும் கூடும். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து அந்த வட்டாரம் எழுந்து, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. ஊரைத் திரட்டியது பறவைப் பட்டியல் என்பதைவிடச் சுனையும் கண்மாயும் கோயிலும் என்பதே என் கணிப்பு. ஆனால் அரசு ஆணையில் ஏறிய அந்தப் பட்டியல் இல்லாமல் வாதம் எழுத்தில் நின்றிருக்காது.

இனி அந்தச் சீமைக்கருவேலம். அவர்கள் கேட்டது சரியான கேள்வி. நீங்கள் அதைத் தொந்தரவாக நினைத்திருக்கக் கூடாது. 2017 வாக்கில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டி ஊர் ஊராக வெட்டியபோது, உண்மையும் கதையும் ஒரே கட்டாகப் பரவின. தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது: 'ஆம்' என்று ஒட்டினால் அது கேள்விப்பட்டது என்று ஆகிவிடும். காற்றின் ஈரத்தை உறிஞ்சுமாம், ஆக்சிஜனே தராதாம், ஆடுமாடு மலடாகுமாம். மூன்றும் 'ஆம்' வகை. பச்சை இலையுள்ள மரம் ஆக்சிஜன் தராமல் இருக்க வழியில்லை. மற்ற இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. 'ஆம்' போடாமல் சொல்லக்கூடியவை இவை: வெளிநாட்டு மரம், கண்மாய் உள்வாயிலும் வரத்துக்காலிலும் அடர்ந்து நீரோட்டத்தை மறிக்கும், வண்டலைத் தேக்கும், அதன் நிழலில் மற்ற செடிகள் வருவது அரிது, ஆடும் மாடும் காயைத் தின்று சாணத்தோடு விதையைப் பரப்பும், வேர் ஆழமாகப் போகும். நிலத்தடி நீரை எத்தனை அடி இறக்கியது என்பது மண்ணையும் நீர்மட்டத்தையும் பொறுத்தது. உங்கள் கண்மாய்க்கு எண் சொல்ல வேண்டுமானால் கரையோரக் கிணறுகளில், விடியற்காலையில் மோட்டார் போடும் முன், கைப்பிடிச் சுவரில் ஒரே குறியிலிருந்து கயிறு விட்டு, வெட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்திருக்க வேண்டும். அதிலும் மழை வேறுபாட்டைக் கழிக்க, சீமைக்கருவேலம் இல்லாத பக்கத்துக் கண்மாய்க் கிணறு ஒன்றும் வேண்டும்.

வெட்டுவதைப் பற்றி: அடிமரத்தோடு அறுத்தால் அதே தூரிலிருந்து பல கிளையாகத் துளிர்த்து முன்னைவிட அடர்த்தியாக வரும். தூரோடு பிடுங்க வேண்டும், அடுத்த சில ஆண்டுகள் மழைக்குப் பின் முளைப்பதையும் பிடுங்க வேண்டும். அதற்கு ஆளும் காசும் ஒதுக்காத திட்டம் விறகு வெட்டும் திட்டம்தான். பெயர்க் குழப்பத்தில் நாட்டுக் கருவேலமும் விழும். நீருக்குள் நிற்கும் அந்த மரங்களில்தான் கொக்கும் நீர்க்காகமும் கூடு வைக்கும். அடையாளம் எளிது: நாட்டு மரத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும், சீமையில் பூ வெளிர்மஞ்சளாக நீண்டு தொங்கும், காய் முற்றினால் மஞ்சளாகும். இரண்டின் கிளையையும் கூட்டத்துக்குக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள், படம் வேண்டாம். கரிமூட்டமும் விறகும் வைத்துப் பிழைப்பவர்கள் அதே கூட்டத்தில் இருப்பார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மரத்தைப் பேய் என்று பேசினால் அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எந்த இடத்தில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களைவிட அறிந்தவர்கள் அவர்கள்.

இவ்வளவும் ஆயக்கட்டும் பாசனமும் இன்னும் உயிரோடு இருக்கும் ஊருக்குப் பொருந்தும். மதுரை நகரின் மாடக்குளம், வண்டியூர் போல வீடுகள் சூழ்ந்துவிட்ட கண்மாய்க்குத் தண்ணிக் கணக்கு வேலை செய்யாது. அங்கே ஆழ்துளைக் கிணற்றின் மட்டமும் மழைநீர் எந்தத் தெருவில் நிற்கும் என்பதும்தான் பேச்சு.

கிராம சபை 40 படங்களுக்கான இடம் இல்லை. ஆண்டில் 6 முறை கூடுகிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அதை எடுத்துக்கொள்ளுங்கள், 5 நிமிடம் போதும்: போன ஆண்டு இதே நாள் மட்டம், இந்த ஆண்டு மட்டம், மிச்சம் எத்தனை தண்ணி, எங்களுக்கு இன்னும் தெரியாதது எது. நீண்ட பேச்சை மடை திறக்கும் முன் பாசனதாரர்களும் அம்பலக்காரர்களும் (ஊர்ப் பெரியவர்கள்) கூடும் கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முடிவு அங்கேதான் எடுக்கப்படுகிறது. மடைத் தூணில் அடிக்கோடு போடும் வேலையைக் கண்மாய் வற்றும் வைகாசி, ஆனியில் முடித்துவிடுங்கள். சுண்ணாம்பு அடித்தால் முதல் நிறைவிலேயே கரைந்துவிடும். பாசியைச் சுரண்டி, கல் நன்றாகக் காய்ந்தபின் எனாமல் பெயின்ட் இரண்டு கை அடியுங்கள். எண்களை ஒரு சாண் உயரத்துக்குக் குறையாமல் எழுதுங்கள், கரையில் நின்று படிக்க வேண்டும்.